வெயில் கெடுத்த தோல் திட்டுகளுக்கு ஒளியியக்கச் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெற்றியிலோ வழுக்கைத் தலையிலோ உள்ள சொரசொரப்பான திட்டுகளுக்காகத் தோல் மருத்துவரிடம் போனவர்களில் பலருக்கு, மருந்தைப் பூசி அதன்மேல் ஒளியைப் பாய்ச்சும் ஒளியியக்கச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக பி.டி.டி. என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாகச் செய்யப்படும் இந்தச் சிகிச்சையைப் பற்றி நோயாளிகளும் அவர்களுடன் வருபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இது பொதுவான விளக்கமே. உங்கள் தோலை நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லே முடிவானது.

இந்தத் திட்டுகள் என்ன? அவற்றை எப்படி அடையாளம் காண்பது?

இவற்றின் மருத்துவப் பெயர் ஆக்டினிக் கெரட்டோசிஸ். பல்லாண்டுகளாக வெயில் பட்டுப் பட்டுச் சேதமடைந்த தோலின் மேலடுக்கில் உள்ள செல்கள் ஒழுங்கு தவறி வளர்வதால் இவை உண்டாகின்றன. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் செல்லின் மரபணுவைச் சிதைக்கின்றன. அந்தச் சிதைவைக் கண்டறிந்து செல்லின் பெருக்கத்தை நிறுத்த வேண்டிய பி53 என்னும் காவல் மரபணுவே பழுதாகும்போது, கெட்டுப்போன செல்கள் தடையின்றிப் பெருகத் தொடங்குகின்றன. நெற்றி, மூக்கு, கன்னம், காதின் மேல்விளிம்பு, வழுக்கைத் தலை, முன்கை, புறங்கை ஆகிய இடங்களில்தான் இவை பெரும்பாலும் காணப்படும். கீழுதட்டிலும் வருவதுண்டு.

கண்ணைவிட விரலுக்கே இவை முதலில் பிடிபடும். முகம் கழுவிய பின் நெற்றியை விரல் நுனியால் வருடிக்கொண்டே போகும்போது, ஓரிடத்தில் மட்டும் உப்புத்தாளைத் தொட்டதுபோல் நெருடும். அந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தால் சில மில்லிமீட்டர் அகலத்தில் மங்கிய சிவப்போ பழுப்போ கலந்த திட்டும், அதன்மேல் ஒட்டிய வெள்ளை அல்லது மஞ்சள் செதிலும் தெரியும். செதிலைக் கிள்ளி எடுத்தாலும் சில நாள்களில் மறுபடியும் படிந்துவிடும்.

மாநிறமோ கருநிறமோ உள்ளவர்களுக்கும் இது வருமா?

மிக அரிதாகவே வரும். வெயிலில் எளிதில் சிவந்து கன்றிப்போகும் வெளிர்நிறத் தோல் உடையவர்களைத்தான் இது பெரிதும் பாதிக்கிறது. ஐரோப்பிய வழிவந்த மக்கள் கடும் வெயிலில் வாழும் ஆஸ்திரேலியாவில், அந்த மக்களிடையே 40 வயதைத் தாண்டியவர்களில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. நம் தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், தமிழர்களின் முகத்தில் வயதான பின் தோன்றும் கருமையான சிறு மருக்களும், ஒட்டவைத்ததுபோல் இருக்கும் பழுப்புத் தடிப்புகளும் பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றால் தீங்கில்லை, அவற்றுக்கு இந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

ஆனால் விதிவிலக்குகள் உண்டு. பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாத அல்பினிசம் உடையவர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டில் எந்த இனத்தில் பிறந்திருந்தாலும், இளம் வயதிலேயே இந்தத் திட்டுகளும் தோல் புற்றும் வரக்கூடும். சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றத்துக்குப் பின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் அல்பினிசம் உள்ள பிள்ளை இருந்தால் ஆண்டுதோறும் ஒருமுறையாவது தோல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம் என்பதை நம்மிடையே போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

இது புற்றுநோயா?

இல்லை, ஆனால் புற்றுநோய்க்கு முந்திய நிலையாகக் கருதப்படுகிறது. இந்தத் திட்டுகளில் மிகச் சில மட்டுமே ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றாக மாறுகின்றன. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு திட்டு ஓராண்டுக்குள் புற்றாக மாறும் வாய்ப்பு சுமார் 0.6 சதவீதம் என்றும், நான்கு ஆண்டுகளில் சுமார் 2.6 சதவீதம் என்றும் கணக்கிடப்பட்டது. அதே ஆய்வில், திட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டில் தாமாகவே மறைந்திருந்தன. அதனால் மருத்துவர் இந்தப் பெயரைச் சொன்னவுடன் கலங்கிப்போக வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் சிகிச்சை என்று கேட்கலாம். எந்தத் திட்டு மறையும், எந்தத் திட்டு புற்றாகும் என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒன்றிரண்டு இருந்தால் வாய்ப்பு சிறியது. முப்பது நாற்பது இருந்தால், அந்தச் சிறிய வாய்ப்பு ஒவ்வொன்றுக்குமாகச் சேர்ந்து பெரிதாகிவிடும். மேலும், கண்ணுக்குத் தெரியும் திட்டுகளைச் சுற்றி, தெளிவாகத் தோன்றும் தோலுக்குள்ளும் கெட்ட செல்கள் பரவியிருப்பதால், தனித்தனித் திட்டாக அல்லாமல் அந்தப் பரப்பு முழுவதையும் நோயுற்ற நிலமாகக் கருதியே இன்றைய மருத்துவர்கள் சிகிச்சை அளிக்கின்றனர். ஒளியியக்கச் சிகிச்சையின் உண்மையான பயனும் இங்கேதான் இருக்கிறது.

மருந்தும் ஒளியும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன?

பூசப்படும் மருந்து அமினோலெவுலினிக் அமிலம், அல்லது அதன் மாற்றுருவமான மெத்தில் அமினோலெவுலினேட். அமினோலெவுலினிக் அமிலம் நம் உடலுக்குப் புதியதன்று. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்னும் பொருளைச் செய்வதற்கு உடலின் செல்களே அன்றாடம் இதைத் தயாரிக்கின்றன. ஹீம் போதிய அளவு சேர்ந்ததும் தயாரிப்பு தானாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து மருந்தாகப் பூசும்போது அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டி அமிலம் செல்லுக்குள் நுழைந்துவிடுவதால், ஹீமுக்கு முந்திய கட்டத்தில் உள்ள புரோட்டோபார்ஃபிரின் 9 என்னும் பொருள் செல்லுக்குள் தேங்கிவிடுகிறது. நல்ல செல்களைவிடக் கெட்ட செல்களில் இது மிகுதியாகத் தேங்குகிறது. அவற்றின் மேலுள்ள செதிலடுக்கு ஒழுங்கற்று இருப்பதால் மருந்து எளிதில் இறங்குவதும், அவற்றுக்குள் இந்தப் பொருள் ஹீமாக மாறும் வேகம் குறைவாக இருப்பதும் அதற்குக் காரணங்கள்.

இந்தப் பொருள் இருட்டில் எதுவும் செய்யாது. உரிய நிறமுள்ள ஒளி பட்டதும் அது ஒளியின் ஆற்றலை வாங்கி, பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அவ்வாறு கிளர்ந்த ஆக்சிஜன் ஒரு நொடியில் மிக மிகச் சிறு பங்கு நேரமே நிலைத்திருந்தாலும், தான் பிறந்த செல்லின் உறைகளையும் உள்ளுறுப்புகளையும் தாக்கி அதைச் சாகடிக்கிறது. அது பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் நகர முடியாததால்தான், பொருள் தேங்கிய செல் அழிய, பக்கத்து நல்ல செல் பெரும்பாலும் தப்பிக்கிறது. மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிகிச்சை பலிக்காது. சில மருத்துவமனைகளில் ஒளி பாய்ச்சுவதற்கு முன் நீலநிற விளக்கைக் காட்டிப் பார்ப்பார்கள். மருந்து தேங்கிய இடங்கள் செங்கல் நிறத்தில் ஒளிர்வதை நோயாளியே கண்ணாடியில் பார்க்கலாம். அதுவரை தெரியாதிருந்த திட்டுகளும் அப்போது வெளிப்படுவதுண்டு.

இது புதிய கண்டுபிடிப்பா?

அடிப்படைக் கருத்து நூறாண்டைத் தாண்டியது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த பரமீசியம் என்னும் ஒருசெல் உயிர்கள் வெளிச்சத்தில் சாவதையும் இருட்டில் பிழைப்பதையும் கண்டு 1900-இல் வெளியிட்டார். 1903-இல் டாப்பைனரும் ஜெசியோனெக்கும் இயோசின் சாயத்தையும் ஒளியையும் கொண்டு தோல் கட்டிகளுக்குச் சிகிச்சை செய்து பார்த்தனர். 1912-இல் ஃபிரீட்ரிஷ் மெயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மன் மருத்துவர் தோலை ஒளிக்குக் கூசச்செய்யும் ஹெமட்டோபார்ஃபிரின் என்னும் பொருளை 200 மில்லிகிராம் அளவில் தம் உடலிலேயே ஊசிமூலம் ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றார். முகமும் கையும் வீங்கி, பல வாரங்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி வாழ வேண்டியதாயிற்று. ஊசிக்குப் பதிலாகத் தோலின்மேல் பூசினாலே போதும் என்ற வழியைக் கனடாவில் ஜேம்ஸ் கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் காட்டிய பிறகுதான், தோல் மருத்துவரின் அறையில் செய்யத்தக்க சிகிச்சையாக இது உருப்பெற்றது. அமெரிக்காவில் அமினோலெவுலினிக் அமிலம் கொண்ட லெவுலான் என்னும் கரைசலுக்கு 1999 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

வெண்புள்ளிக்குக் கார்போகரிசி பூசி வெயிலில் நிற்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. கார்போகரிசியில் உள்ள சோரலென் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து நிறமியைத் தூண்டுகிறது. அதே கொள்கையில்தான் மருத்துவமனைகளில் பூவா என்னும் சிகிச்சையும் நடக்கிறது. இங்கே பேசப்படும் சிகிச்சை கண்ணுக்குத் தெரியும் நீல அல்லது சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. அதன் நோக்கமும் கெட்ட செல்லை அழிப்பதே. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து.

ஒருவருக்கு நீல ஒளியும் மற்றொருவருக்குச் சிவப்பு ஒளியும் தருவது ஏன்?

தேங்கும் பொருள் நீல ஒளியைத்தான் மிக அதிகமாக உறிஞ்சுகிறது. ஆனால் நீல ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்காது. சிவப்பு ஒளியை அது குறைவாகவே உறிஞ்சினாலும், அந்த ஒளி ஆழமாகச் செல்லும். ஆக்டினிக் கெரட்டோசிஸ் தோலின் மேலடுக்கிலேயே இருப்பதால் இரண்டும் பயன்படுகின்றன. நடைமுறையில், எந்த மருந்து எந்த விளக்கோடு சேர்த்து ஒப்புதல் பெற்றதோ அதைப் பொறுத்தே தேர்வு அமைகிறது. 20 சதவீத லெவுலான் கரைசலுக்கு 417 நானோமீட்டர் நீல ஒளி 16 நிமிடம் 40 நொடி தரப்படுகிறது. 2011-இல் ஐரோப்பாவிலும் 2016-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற, அதே அமிலம் கொண்ட 10 சதவீத அமெலூஸ் களிம்புக்கும், மெத்தில் அமினோலெவுலினேட் கொண்ட மெட்விக்ஸ் களிம்புக்கும் 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி, சதுர சென்டிமீட்டருக்கு 37 ஜூல் என்ற அளவில் தரப்படுகிறது, நவீன எல்.இ.டி. விளக்குகளில் இதற்குப் பத்து நிமிடம் போதுமானது.

சிகிச்சை நாளில் என்ன நடக்கும்?

முதலில் செவிலியர் அந்தப் பரப்பை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவார். அடுத்து, வளைய முனையுள்ள சிறு சுரண்டியால் செதில்களை மெல்லச் சுரண்டி எடுப்பார். நோயாளிகள் பெரிதாக நினைக்காத இந்தப் படி மிக முக்கியமானது. செதில் இருந்தால் மருந்தும் இறங்காது, ஒளியும் இறங்காது. இரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்ட வேண்டியதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறகு களிம்பு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில், திட்டைச் சுற்றி அரை சென்டிமீட்டர் கூடுதலாகப் பூசப்படும். அதன்மேல் வெளிச்சம் புகாத கட்டு ஒட்டப்படும். களிம்பு வகைகளுக்கு மூன்று மணிநேரம் காத்திருக்க வேண்டும். லெவுலானை முகத்திலும் தலையிலும் பூசும்போது அதன் ஒப்புதல் குறிப்பின்படி 14 முதல் 18 மணிநேரம் விட வேண்டும் என்பதால், முந்திய நாள் பூசிக்கொண்டு மறுநாள் ஒளிக்கு வருவதே அதன் மூல முறை. ஆயினும் பல மருத்துவர்கள் இதை ஒன்று முதல் மூன்று மணிநேரமாகக் குறைத்துச் செய்கின்றனர். காத்திருக்கும் நேரத்தில் வெயிலில் போகக் கூடாது. புத்தகமோ தின்பண்டமோ எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சையைவிடக் காத்திருப்புதான் நீளமானது.

நேரம் முடிந்ததும் கட்டைப் பிரித்து, எஞ்சிய மருந்தைத் துடைத்து, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவித்து விளக்கை இயக்குவார்கள். அறையில் உள்ள செவிலியரும் கண்ணாடி அணிந்திருப்பார். முடிந்தவுடன் அன்றே வீட்டுக்குப் போகலாம். துணைக்கு ஒருவர் வருவது நல்லது: மறைப்போடு வெளியே நடக்க வேண்டியிருக்கும், நெற்றியும் இமையும் வீங்கினால் வண்டி ஓட்டுவது கடினம்.

வலிக்குமா?

வலிக்கும். இதை மழுப்பிச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் நன்மையாகாது. ஒளி பட்ட முதல் சில நிமிடங்களில் எரிச்சலும் குத்தலும் ஏறிக்கொண்டே போய், விளக்கை அணைத்தவுடன் பெருமளவு தணிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை. பரப்பு பெரிதாகவும் திட்டுகள் நெருக்கமாகவும் இருந்தால் வலி கூடும். நெற்றியும் வழுக்கைத் தலையும் மற்ற இடங்களைவிட அதிகம் எரியும். சிலர் பாதியில் எழுந்துவிடுவதும், மறுமுறை வர மறுப்பதும் உண்டு.

வலியைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. குளிர்காற்றை வீசும் கருவி, மின்விசிறி, குளிர்ந்த நீர்த்தூறல் ஆகியவை சிறிது உதவும். இடையில் ஓரிரு நிமிடம் விளக்கை நிறுத்தித் தொடரலாம். நெற்றிக்கும் தலைக்கும் செல்லும் நரம்புகளை ஊசிபோட்டு மரக்கச்செய்வது நன்கு பலன் தருகிறது; எல்லா இடங்களிலும் இதைத் தாமாக முன்வந்து சொல்வதில்லை என்பதால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தோலின்மேல் பூசும் மரப்புக் களிம்புகளால் பெரிய பயன் இல்லை. வலியின்போது இரத்த அழுத்தம் ஏறக்கூடும். எனவே அழுத்த நோயுள்ளவர்கள் அன்றைய மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

விளக்கு இல்லாமல் பகல் வெளிச்சத்திலேயே செய்யலாம் என்கிறார்களே?

உண்மைதான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் வுல்ஃபும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த முறை இது. முதலில் வெயில் தடுப்புக் களிம்பு பூசி, செதிலை நீக்கி, மெட்விக்ஸ் போன்ற மருந்தை மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டு, அரை மணிநேரத்துக்குள் வெளியே போய், தொடர்ந்து இரண்டு மணிநேரம் திறந்த வெளியில் இருந்துவிட்டு, உள்ளே வந்து மருந்தைக் கழுவிவிட வேண்டும். மருந்து தேங்கத் தேங்கவே ஒளியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுவதால் ஒரே நேரத்தில் பெரிய எரிச்சல் எழுவதில்லை. வலி மிகக் குறைவு என்பதே இந்த முறையின் பெருஞ்சிறப்பு. மெல்லிய திட்டுகளில் இதன் பலன் விளக்கு முறைக்கு ஏறக்குறைய ஈடாக உள்ளது. தடித்த திட்டுகளுக்கு இது போதாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பூசும் வெயில் தடுப்புக் களிம்பு, புற ஊதாக் கதிரைத் தடுத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விடும் வேதி வகையாக இருக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்த வெண்மையான வகைகள் தேவையான ஒளியையும் தடுத்துவிடும். மழை பெய்தாலோ குளிர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலோ அன்று செய்வதில்லை. மேகமூட்டம் தடையாகாது. வடக்கு ஐரோப்பாவில் குளிர்காலத்தில் போதிய ஒளி கிடைக்காததால் கோடையையொட்டிய மாதங்களுக்கே இது பொருந்தும். ஆஸ்திரேலியாவில் ஆண்டின் பெரும்பகுதியில் இதைச் செய்ய முடிகிறது.

வீட்டுக்கு வந்தபின் எவ்வளவு நாள் வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும்?

சுமார் 48 மணிநேரம். தோலில் எஞ்சியிருக்கும் பொருள் மெல்ல மெல்லத்தான் நீங்கும். அதற்குள் நேர் வெயிலோ மிகப் பிரகாசமான விளக்கோ பட்டால், சிகிச்சை அறையில் நடந்தது மறுபடியும் கட்டுப்பாடின்றி நடக்கும். சன்னல் ஓரத்து வெயில், காரின் கண்ணாடி வழியே வரும் வெயில், பல் மருத்துவரின் விளக்கு ஆகியவையும் இதில் அடங்கும். வீட்டின் சாதாரண விளக்கொளியில் இருப்பதால் கெடுதல் இல்லை. இருட்டறையில் அடைந்துகிடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வெயில் தடுப்புக் களிம்பைப் பூசிக்கொண்டால் வெளியே போகலாமா என்று பலர் கேட்கின்றனர். போகக் கூடாது. சாதாரணக் களிம்புகள் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும். இந்தப் பொருளைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. தவிர்க்க முடியாமல் வெளியே போனால், அகன்ற விளிம்புத் தொப்பியும் நெருக்கமாக நெய்த துணியும்தான் காப்பு.

தோல் எப்போது பழைய நிலைக்கு வரும்?

முதல் இரண்டு நாள்களில் வெயிலில் கடுமையாகக் கன்றியதுபோல் சிவந்து வீங்கும். பின்பு பக்குக் கட்டி, முகத்தில் ஒரு வாரத்தில், சிலருக்கு இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும். கைகளில் ஆற இன்னும் நாளாகும். பக்கைப் பிய்க்காமல் வாசலின் போன்ற எளிய களிம்பைப் பூசி ஈரமாக வைத்திருப்பது போதும். திருமணம், நேர்காணல் போன்ற நிகழ்ச்சிகளுக்கு முந்திய இரண்டு வாரங்களில் இந்தச் சிகிச்சைக்கு நாள் குறிக்காதீர்கள். தழும்பு விழுவது அரிது. நிறம் சிறிது மாறினாலும் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். சீழ், அதிகரிக்கும் வலி, காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே தொடர்புகொள்ள வேண்டும். உதட்டில் அடிக்கடி அக்கி வருபவர்களுக்கு அது மறுபடியும் கிளம்பக்கூடும்.

பலன் எவ்வளவு? களிம்புகளைவிட இது மேலானதா?

மருந்துகளின் ஒப்புதலுக்காக நடந்த சோதனைகளில், தேவைப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் இரண்டாம் முறையும் செய்த பிறகு, பெரும்பாலான திட்டுகள் மறைந்தன. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது நிலைமை வேறு. நெதர்லாந்தில் 624 நோயாளிகளிடம் நான்கு சிகிச்சைகளை நேருக்கு நேர் ஒப்பிட்டு 2019-இல் வெளியான சோதனையில், திட்டுகளில் முக்கால் பங்குக்குக் குறையாமல் மறைந்த நிலை ஓராண்டு வரை நீடித்தவர்கள் 5-ஃபுளூரோயுராசில் களிம்பில் சுமார் 75 சதவீதம், இமிகுவிமோட் களிம்பில் 54 சதவீதம், மெத்தில் அமினோலெவுலினேட் கொண்ட ஒளியியக்கச் சிகிச்சையில் 38 சதவீதம், இன்ஜெனால் மெபுட்டேட் களிம்பில் 29 சதவீதம். கடைசியாகச் சொன்ன களிம்பு, தோல் புற்று வாய்ப்பைக் கூட்டலாம் என்ற ஐயத்தால் 2020-இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

இந்த எண்களைப் பார்த்த பிறகும் ஒளியியக்கச் சிகிச்சையைத் தேர்வதற்குக் காரணம் இருக்கிறதா? இருக்கிறது என்பதே என் கருத்து. ஃபுளூரோயுராசிலை நாளுக்கு இருமுறை நான்கு வாரம் பூச வேண்டும். முகம் முழுவதும் புண்ணாகிப் பொருக்குத் தட்டிய நிலையிலும் விடாமல் பூச வேண்டும். தனியே வாழும் முதியவர்கள், மறதி உள்ளவர்கள், கை நடுங்குபவர்கள் ஆகியோரில் பலரால் இது முடியாது. பாதியில் நிறுத்திய களிம்பு முழுப் பலனைத் தராது. ஒளியியக்கச் சிகிச்சையில் முழு வேலையும் மருத்துவமனையில், செவிலியரின் கையில், ஒரே நாளில் முடிகிறது. ஆறிய தோலின் தோற்றமும் நன்றாக இருக்கிறது. மறுபுறம், நான்கு வாரம் ஒழுங்காகப் பூசும் பொறுமையும் வசதியும் உள்ளவருக்கு, விலை குறைந்த அந்தக் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நேராக விளக்கின்கீழ் படுக்கவைப்பது நியாயமாகப் படவில்லை. ஒன்றிரண்டு திட்டுகளே இருந்தால் இரண்டுமே தேவையில்லை. திரவ நைட்ரஜனால் உறையவைத்து சில நொடிகளில் முடித்துவிடலாம்.

இந்தச் சிகிச்சை யாருக்குக் கூடாது?

போர்ஃபிரியா என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும், ஒளி பட்டால் மோசமாகும் லூபஸ் போன்ற நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. மெட்விக்ஸில் நிலக்கடலை எண்ணெயும் பாதாம் எண்ணெயும், அமெலூஸில் சோயாவிலிருந்து எடுத்த பொருளும் உள்ளதால், இவற்றில் ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் போதிய தரவு இல்லாததால் வழக்கமாகத் தள்ளிவைக்கப்படுகிறது.

வேறு நோய்களுக்காகச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, தொற்றுக்கான டாக்ஸிசைக்ளின், பூஞ்சைக்கான கிரிசியோஃபல்வின் ஆகியவை தோலை ஒளிக்குக் கூசச்செய்பவை. மனச்சோர்வுக்காகக் கடைகளில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையும் அப்படிப்பட்டதே. மூலிகைதானே என்று பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

எல்லாத் திட்டுகளையும் இதனால் குணமாக்கலாமா?

முடியாது. ஐரோப்பாவில் தோலின் மேலடுக்கோடு நிற்கும் தொடக்கநிலைப் புற்றான போவன் நோய்க்கும், பேசல் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றின் மேலோட்டமான வகைக்கும் இது பயன்படுகிறது. ஆனால் ஆழமாக ஊடுருவிய புற்றுக்கும், மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்றுக்கும் இது பயன்படாது. தொட்டால் வலிக்கும், அடிப்பகுதி கெட்டியாக இருக்கும், இரத்தம் கசியும், சில வாரங்களில் மளமளவென வளரும் திட்டு எதுவாயினும், முதலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் மேலே மருந்தும் ஒளியும் கொடுத்தால், மேல்பகுதி ஆறியதுபோல் தோன்றி, அடியில் புற்று வளர்ந்துகொண்டிருக்கும்.

உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு ஏதாவது வேறுபாடு உண்டா?

உண்டு. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளால் அவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; திட்டுகள் விரைவாகப் பெருகும், விரைவாக மாறும், சிகிச்சைக்குப் பின் விரைவாகத் திரும்பும். அதனால் அவர்களுக்கு ஒளியியக்கச் சிகிச்சையைத் திட்டமிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்வதுண்டு. இமிகுவிமோட் போன்ற, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் களிம்புகளைப் பற்றி உறுப்பு மாற்று மருத்துவர் தயங்கக்கூடும் என்பதாலும் இந்த வழி அவர்களுக்கு உகந்ததாகிறது.

திட்டுகள் திரும்ப வருமா? வராமல் தடுக்க முடியுமா?

வரும், பல ஆண்டு வெயில் ஒரு பகலில் அழிந்துவிடுவதில்லை. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறையும், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் தோலைக் காட்ட வேண்டும். தடுப்பதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 588 பேரிடம் ஒரு கோடைக்காலம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான சோதனையில், வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களின் திட்டுகள் சராசரியாகக் குறைந்தன; மருந்தில்லாத களிம்பைப் பூசியவர்களுக்குக் கூடின. ஏற்கெனவே திட்டுகள் உள்ளவர்களுக்கும் இது பயன் தந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதே நாட்டில் நடந்து 2015-இல் வெளியான மற்றொரு சோதனையில், முன்பே தோல் புற்று வந்தவர்கள் நிக்கோட்டினமைடு என்னும் பி3 வைட்டமினை 500 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை ஓராண்டு சாப்பிட்டபோது, புதிய தோல் புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் அந்தப் பயன் நீடிக்கவில்லை. பெயர் ஒத்திருக்கும் நிக்கோட்டினிக் அமிலம் வேறு பொருள். அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து எரியும், எனவே மருந்துக் கடையில் வாங்கும்போது அட்டையில் உள்ள பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள்.